வாரத்து மாடு

கடன் படிவத்தின் ஒன்பதாம் கேள்வி:
விண்ணப்பதாரருக்குச் சொந்தமான கறவை மாடுகள் எத்தனை?
தனபாக்கியம் ஒரு விரலை மடக்கினாள்,
பிரித்தாள்,
"அரை" என்றாள்.

கௌண்டினியா ஆற்றங்கரையில்
வேலிக்காத்தான் நிழலில்
அந்த அரை மாடு முழுசாக நின்று
அசை போட்டுக்கொண்டிருந்தது.
நெற்றியில் வெள்ளை. இடது காதில்
பன்னிரண்டு இலக்க மஞ்சள் வில்லை.

மீதி அரை யாருடையது?

"பேர்ணாம்பட்டு ஜுபைதாம்மாது.
தோல் கம்பெனில கணக்கு முடிச்சப்போ வந்த காசு.
அவங்களுக்குக் கட்ட எடம் இல்ல.
எனுக்கு எடம் கீது, காசு இல்ல.
பாலு எனுக்கு. மொத ஈத்து அவங்களுக்கு.
ரெண்டாவது எனுக்கு.
கெடேரியா காளையான்றது
எங்க ரெண்டு பேர் கையிலயும் இல்ல."

எழுதி வைத்திருக்கிறீர்களா?

"எழுத்து இன்னாத்துக்கு மேடம்,
மாடே நிக்குதே."

கணினிக்கு அரை பிடிக்கவில்லை.
முழு எண்ணை இடவும், என்றது சிவப்பில்.
பூஜ்யம் போட்டால்
மாடு வளர்த்த அனுபவம் இல்லாதவள்.
ஒன்று போட்டால்
ஏற்கெனவே மாடு உள்ளவள்.
இரண்டு வழியிலும் திட்டம் அவளுக்கு இல்லை.
'வாரத்துக்கு வளர்க்கிறார்' என்று
குறிப்பில் எழுதி அனுப்பினேன்.
மேலாளர் கூப்பிட்டுக் கேட்டார்:
"வாரத்துக்கு எத்தனை நாள்?"

நான் வேளாண் பொருளியல் படித்தவள்.
புத்தகத்தில் ஓர் ஏணி இருந்தது.
கீழ்ப்படியில் ஏர் பிடித்த ஒருவன்,
மேல்படியில் புகைபோக்கி.
கீழ்ப்படிக்குப் பெயர் தேக்க நிலை.
ஐந்து மதிப்பெண்ணுக்கு அதை நானும்
பிழையில்லாமல் எழுதியிருக்கிறேன்.

தேக்க நிலை
விடிகாலை ஐந்தரைக்கு ஆறு லிட்டர் கறக்கிறது.
ஐந்து லிட்டர் சொசைட்டிக்கு.
ஒன்று நெடுஞ்சாலை டீக்கடைக்கு.
அங்கே துறைமுகத்துக்கு
ஷூ ஏற்றிப் போகிற லாரிக்காரர்
சர்க்கரை தூக்கலாகக் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு
ஏற்றுமதியைத் தொடர்கிறார்.

பொன் முலாம் பூசவும் எனக்கு மனமில்லை.
இதற்கு முந்தைய மாடு
தோல் கழலை கண்டு செத்தது.
ஜுபைதா பஸ் பிடித்து வந்தார்,
கொம்பைத் தொட்டு அழுதார்,
முந்தானையில் முகம் துடைத்துவிட்டுப்
பாதி விலை கேட்டார்.
தனபாக்கியம் பதினாலு மாதம்
ராத்திரியில் பீடி சுற்றி அடைத்தாள்.
புல்லறுத்த கைக்கு, சாணி அள்ளிய குனிவுக்கு
எங்கள் படிவத்திலும் பத்தி இல்லை,
அவர்கள் வாய்ப்பேச்சிலும் இல்லை.
அடைத்து முடித்த மறுவாரம்
இந்த மாட்டை ஓட்டிவந்து கட்டியதும்
அதே ஜுபைதாதான்.
இதற்கு என்ன பெயர் வைப்பதென்று
எனக்கு இன்னும் தெரியவில்லை.

பூஜ்யம் போட்டேன்.
அனுபவச் சான்றுக்கு
கால்நடை மருத்துவரிடம் கெஞ்சினேன்.
ஒன்பதாம் மாதம் கடன் வந்தது.
அதற்குள் மாடு ஈன்று,
காளைக்கன்று பேர்ணாம்பட்டுக் கணக்கில் ஏறி,
பொய்கைச் சந்தையில் விலையும் போயிருந்தது.
அடுத்த செவ்வாய்க்கிழமை
அதே சந்தையில், துண்டுக்கடியில்
தரகர் விரல்கள் பேசி முடிக்க,
வங்கியின் பணம் ஒரு செவலைப் பசுவானது.

ஆறு மாதம் கழித்து ஆய்வுக்குப் போனேன்.
கொட்டகையில் நெற்றி வெள்ளை மட்டும் நின்றது.

கடன் மாடு எங்கே?

"மேல்பட்டில கீது.
அமுலுன்னு ஒரு பொண்ணு, புருசன் இல்ல,
ஏரிப் பக்கம் நல்ல புல்லு.
அவகிட்ட உட்டுக்கீறேன்."

எப்படி?

"வாரத்துக்குத்தான்."

செத்தால் பாதி விலை கேட்பாயா என்று
கேட்க வாயெடுத்தேன்.
படிவத்தில் அந்தக் கேள்வி இல்லை.
இருந்ததைக் கேட்டேன்:
சொந்தமான மாடுகள் எத்தனை?

இங்கே ஒரு விரல் மடக்கினாள்,
மேல்பட்டித் திசை பார்த்து இன்னொன்று.
"இங்க அரை, அங்க அரை.
ஒண்ணுன்னு போடு மேடம்,
இப்ப ஒன் மிசினு ஏத்துக்கும்."